கழுதை நக்கிய கம்பளம்

அக்காவிடம் இருந்த சிவப்புக் கம்பளம் கொழும்பில் ஏதோ ஒரு ஹோட்டல் கழித்துவிட்ட ஒன்று. மாடியில் அறைகளுக்கு நடுவே கிடந்து நடுப்பகுதி தேய்ந்து போயிருந்தது. ஓரங்களில்தான் உண்மையான சிவப்பு இருந்தது. விரித்தால் ஒரு கோவில் வாசலில் தொடங்கித் தெரு வரைக்கும் வரும். கலியாண வீடுகளுக்குக் கதிரையும் தகரப் பந்தலும் வாடகைக்குக் கொடுத்துவந்த அவருக்கு, அதுதான் மற்றவர்களிடம் இல்லாத ஒரே பொருள்.

அவர் என்னுடைய கூடப்பிறந்த அக்கா இல்லை. இந்தியாவில் முகாமில் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். தண்ணீர் லொறி வரும்போது என் குடத்தையும் தன் குடத்தோடு வரிசையில் வைப்பார். எட்டாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் நின்றது. நான் விட்டேனா அது விட்டதா என்று அந்த நேரம் ஒருவரும் கேட்கவில்லை. பெயின்ட் அடித்தேன், செங்கல் சூளையில் நின்றேன், மதுரையில் ஒரு லொட்ஜில் அறை துடைத்தேன். பிறகு மன்னார்த் தீவுக்குத் திரும்பிவந்து உப்பளம், மீன்வாடி, மரக்காலை என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சக் காலம் இருந்தேன். ஓரிடத்தில் நிற்க எனக்கு வராது. அப்படித் திரிந்த ஒரு நாள் கடலோரப் பேசாலைக்குப் பஸ்ஸில் போகும் வழியில் அக்காவைக் கண்டேன். கதிரைகளை இரண்டு சில்லு உழவு மெசினான லாண்ட்மாஸ்டரின் பெட்டியில் தனியாக ஏற்றிக்கொண்டிருந்தார். இறங்கி ஒரு கை கொடுத்தேன். தன் வீட்டுப் பின்கொட்டிலில் பாய் போட்டுத் தந்தார். அங்கே நான் நின்ற காலம்தான் என் வாழ்க்கையில் ஒரே வீட்டில் அதிக காலம் நின்றது.

அக்காவின் கணவர் ஒரு வாடைக்காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதன் பிறகு அக்கா இரண்டு தடவை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்வந்தவர். மகள் சித்தி வீட்டில் வளர்ந்தாள். இரண்டாம் தடவை அக்கா திரும்பி வந்து படலையைத் திறந்தபோது, மகள் எழுந்து நின்று, "வாங்கோ, இருங்கோ" என்று கதிரை இழுத்துப் போட்டாளாம். விருந்துக்கு வந்த ஆளுக்குப் போடுவது போல. இதை அக்கா சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சொல்லி முடித்ததும் எழுந்து கதிரைகளை எண்ணப் போய்விடுவார்.

நான் போய்ச் சேர்ந்த வருடம் மூன்றாவது பயணத்துக்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தது. மெடிக்கல் முடிந்துவிட்டது. பாஸ்போட் ஏஜென்டின் கையில். கதிரைத் தொழில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் தீவுக்குள்ளேயே ஒரு பெரிய குடும்பத்துக் கலியாணம் வந்தது. மாதா கோவிலில் பூசை, தவக்காலத்துக்கு முன்னர். மாப்பிள்ளையின் பெரியம்மா கோவில் திருவிழா வேலைகளுக்கெல்லாம் முன்னுக்கு நிற்பவர். அவருக்குப் பிடித்துவிட்டால் திருவிழாவும் அக்காவுக்கு வரும், ஈஸ்டருக்குப் பிந்திய கலியாணங்களும் வரும். பிடிக்காவிட்டால் தீவு முழுக்கத் தெரிந்துவிடும்.

"இந்தக் கலியாணம் சரிவந்தா நிக்கிறன் தம்பி," என்று அக்கா சொன்னார். "சரிவராட்டிப் பங்குனியில பிளேன் ஏறுறன். அவளிட்ட இன்னும் சொல்லேல்லை."

அதற்கு முதல் தை மாதத்தில் பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில், நறுவிலிக்குளத்துக்கு அங்கால ஒரு வயற்காரக் குடும்பத்தின் கலியாணம். முற்றத்தில் கம்பளத்தை விரித்திருந்தோம். முதல்நாள் மழை. வந்தவர்கள் எல்லாரும் வயல் வரம்பால் நடந்து வந்தவர்கள். சாம்பார் வாளியோடு ஓடிய ஒரு பெடியன் சறுக்கி, வாளி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். பின்னாலேயே பாயாசம் கொண்டுவந்தவர் அவன்மேல் தடக்கினார். கலியாணப் பொம்பிளையின் தகப்பன் தலையில் கை வைத்தார்.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. என்ன உதவி வேணுமெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, வாறன்."

"பரவாயில்லை ஐயா, கலியாண வீட்டில சாம்பார் கொட்டுறது நல்லது," என்றார் அக்கா. வண்டியில் ஏறிய பிறகு பாலம் வரும்வரை திரும்பித் திரும்பிக் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கம்பளத்தைத் துப்புரவாக்க என்னால் முடியும் என்று நான்தான் சொன்னேன். மதுரை லொட்ஜில் கடை மருந்து வாங்கித் தரமாட்டார்கள். சமையல்கட்டில் இருப்பதை வைத்துத்தான் கறை எடுக்கவேண்டும். அக்காவிடம் அப்பச்சோடா கேட்டேன்.

"என்ன தம்பி, காப்பெட்டில அப்பம் சுடப்போறியோ?"

"வினாகிரியும் வேணும் அக்கா. உங்கட ஷாம்பூவும்."

"என்ர ஷாம்பூவோ? நானே தலைக்கு அளந்து போடுறன்."

முதலில் காய்ந்த சேற்றைத் தும்புத்தடியால் தட்டி எடுத்தோம். எண்ணெய் பட்ட இடத்தில் அரிசிமாவைத் தூவி வைத்தேன், அது எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதைக் கூட்டி எடுத்துவிட்டு, கறை தெரிந்த இடமெல்லாம் அப்பச்சோடாவை விபூதி போலத் தூவி ஒரு பகல் விட்டேன். இந்த இடத்தில்தான் ஆட்கள் அவசரப்படுவார்கள். சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாக வாளிக்குள் போட்டால் நுரை பொங்கிவரும், பார்க்கச் சந்தோசமாக இருக்கும். பொங்கி அடங்கியபின் வாளியில் இருப்பதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒன்று தன் வேலையை முடித்த பிறகுதான் மற்றது வரவேண்டும். சோடாவைத் தட்டிவிட்டு, ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு கோப்பை தென்னை வினாகிரியும் கொஞ்சம் ஷாம்பூவும் கலந்தேன். ஓரத்தில் ஒரு மூலையில் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். சாயம் வரவில்லை. பிறகு தேய்க்கத் தொடங்கினோம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நுரை லேசில் வராது. தீவில் எல்லாருக்கும் அது பழக்கம். சவுக்காரத்தைக் கொஞ்சம் கூடப் போடுவோம், அவ்வளவுதான். அக்கா ஒரு கரையில், நான் மறுகரையில், முழங்காலில் நின்று பிரஷால் தேய்த்தோம். சாம்பார் மஞ்சள் மெல்ல மெல்ல விட்டது. பாயாசம் பிசுபிசுத்த இடம் மெதுமையானது. நடுவிலும்கூட ஒரு சிவப்பு எழும்பி வந்தது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மகள் கையில் புத்தகத்தோடு வந்து எட்டிப்பார்த்தாள்.

"மாமா, இதென்ன, புதுசா வாங்கினீங்களோ?"

"சும்மா நக்கலடியாத. தள்ளி நில், கால் படும்."

கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றி அலசினோம். இரண்டு பேரும் நனைந்துவிட்டோம். கம்பளத்தைத் தகரப் பீப்பாக்களின் மேல் நீளத்துக்குப் போட்டுவிட்டு, முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அக்கா சந்தோசமாக இருந்த ஒரு பின்னேரம் அது. குவைத்தில் தான் நின்ற வீட்டில் ஒவ்வொரு அறையிலும் கம்பளம் இருந்ததையும், அதைக் கழுவ ஒரு மெசின் வந்ததையும், அந்த மெசினுக்குப் பயந்து பூனை அலுமாரிக்கு மேல் ஏறியதையும் சொன்னார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது நான் இருப்பது மலைநாட்டுப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கிட்ட. குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர். உடுப்புத் துவைக்கும்போது கொஞ்சச் சவுக்காரத்துக்கே நுரை வழிந்து கால்வரை வருகிறது. அந்த நுரையைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பின்னேரம்தான் வரும். அங்கே நின்ற நாளில் அது விசேசமான பின்னேரம் என்று எனக்குத் தோன்றவில்லை. முழங்கால் நொந்தது, பசித்தது, அவ்வளவுதான்.

அடுத்தநாள் வெய்யில் எறித்தது. கம்பளம் காய்ந்தது. பின்னேரம் வாடைக்காற்று கடலில் இருந்து ஏறியதும் தொட்டுப் பார்த்தால் ஈரம். தடிப்பான சாமான், உள்ளே ஈரம் நிற்கும் என்று நினைத்தோம். அதற்கடுத்த நாளும் அப்படியே. பகலில் காய்ந்தது, பொழுதுபட நனைந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை மகள் கத்தினாள். "அம்மா! ஓடிவாங்கோ! கழுதை!"

மன்னார்த் தெருக்களில் கழுதை புதினமில்லை. கேட்பாரில்லாமல் திரியும், பஸ் ஸ்ராண்டில் படுக்கும், பஸ் ஹோன் அடித்தாலும் எழும்பாது. அன்று எங்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு ஒரு தாயும் குட்டியும் உள்ளே வந்திருந்தன. இரண்டும் கம்பளத்தின் இரண்டு அந்தங்களிலும் நின்று, அவசரமில்லாமல், கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தன. நான் தடியை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"பொறு. ஏன் இதை நக்குதுகள்?"

கிட்டப் போய்ப் பார்த்தோம். இழைகளின் நுனியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அக்கா விரலால் தடவி நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார்.

மகள் குனிந்து பார்த்தாள். "அம்மா, நீங்கள் காப்பெட்டைக் கருவாடு போட்டிட்டீங்கள்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தீவில் நல்ல தண்ணீர் வாய்க்கு, கிணற்றுத் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். பவுசர் லொறியில் வரும் குடிதண்ணீரில் ஒருவர் கால் கழுவினாலே பக்கத்து வீட்டில் இருந்து பேச்சு விழும். சட்டை, சாரம், பாத்திரம், தரை எல்லாம் உவர்த் தண்ணீரில் கழுவித்தான் பழக்கம். மெல்லிய துணி கொஞ்ச உப்பைத்தான் பிடிக்கும், காற்றில் உதறிப் போட்டுவிடலாம். கம்பளம் அப்படியில்லை. நாங்கள் அள்ளி ஊற்றிய ஒவ்வொரு வாளியின் உப்பையும் அது உள்ளே வாங்கி வைத்திருந்தது. அந்த உப்பு பொழுதுபட்டதும் கடற்காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்தது. வேறு ஊர்க்காரர் ஒருவரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள். எங்களுக்கு வேறு மாதிரிச் செய்யவே தோன்றவில்லை.

அன்று பின்னேரம் அக்கா ஒரு வெள்ளைத் துணிக் கைலேஞ்சியை மடித்துக் கம்பளத்தின்மேல் வைத்து, அதன்மேல் ஏறி நின்றார். எடுத்தபோது கைலேஞ்சியில் ரோசா நிறம். நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்து சாயம் இளகியிருந்தது.

"பொம்பிளை வெள்ளைச் சாறி," என்று சொன்னார். "பின்னால ரெண்டு பேர் வலைப் போர்வை தூக்கி வருவினம். அது இதில இழுபட்டா..." கலியாணத்துக்கு ஒரு கிழமைகூட இல்லை.

நான் பவுசருக்குச் சொல்லிப் பார்ப்போம் என்றேன்.

"விசரே உனக்கு? குடிக்கிற தண்ணியை நிலத்தில ஊத்தினா சனம் என்னை ஊரை விட்டுத் துரத்தும். துரத்தத் தேவையில்லை, நானே போக இருக்கிறன்." கைலேஞ்சியை உதறி மடித்தார். "பாலத்துக்கு அங்கால கொண்டுபோவம். அந்த ஐயா உதவி கேக்கச் சொன்னவர் எல்லே."

விடிய, கம்பளத்தைச் சுருட்டி லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றினோம். ஈரத்தோடு அது இரண்டு ஆள் பாரம். தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் கட்டியபோது, ஆளைச் சுற்றிக் கட்டியது போல இருந்த அந்த உருவம் எனக்கே பிடிக்கவில்லை. நினைத்தபடியே பாலத்தடிக் காவலில் மறித்தார்கள். சின்ன வயது ஆமிக்காரன் ஒருவன் தார்ப்பாயைத் தடியால் குத்தி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மொக்கத மே?"

"காப்பெட்," என்றேன்.

தார்ப்பாயைத் தூக்கி மூக்கைக் கிட்டக் கொண்டுபோனான். வினாகிரி மணம் இன்னும் இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அச்சாருத?" என்று கேட்டான், ஊறுகாயா என்று. பக்கத்தில் நின்றவன் சிரித்துவிட்டான். அக்காவும் சிரித்தார். போகச் சொல்லிக் கை காட்டினார்கள்.

வயற்கார ஐயா வரம்பில் நின்றார். நெல் குடலை தள்ளிக் கதிர் சாயத் தொடங்கியிருந்தது. நாங்கள் வந்த விசயத்தைச் சொல்லும்வரை வாய் நிறையச் சிரிப்போடு கேட்டார். வாய்க்காலில் அலசலாமா என்று நான் கேட்டதும் சிரிப்புப் போய்விட்டது.

"எந்த வாய்க்கால்? இதோ? தம்பி, நீங்கள் கடலைக் கட்டி ஏத்திக்கொண்டு வந்து என்ர வயலுக்கை ஊத்தப் போறியளோ?"

"ஐயா, கொஞ்ச உப்புத்தான்..."

"கொஞ்ச உப்போ? கழுதை நக்கிற அளவு உப்பெண்டு இப்ப நீர்தானே சொன்னீர்!"

அக்கா முன்னுக்கு வந்தார். "ஐயா, உங்கட வாய்க்கால் வேண்டாம். உங்கட வயலுக்குத் தீங்கு வந்தா எனக்கும் பாவம். ஆனா இதை நான் அலசாட்டிப் பங்குனியில வெளிநாடு போகவேணும். பிள்ளையைத் திரும்பவும் விட்டிட்டு. வேற எங்க தண்ணி ஓடுது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

ஐயா அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "எடியே, ரெண்டு தும்புக்கட்டை எடுத்துக்கொண்டு வா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "வானடிக்குப் போவம். அங்க போற தண்ணி ஒருத்தற்ற வயலுக்கும் போகாது. காட்டுக்கை போய்க் கடலுக்குத்தான் போகும். உங்கட உப்பு உங்கட கடலுக்கே திரும்பிப் போகட்டும்."

குளம் நிறைந்து மேலதிகத் தண்ணீர் கட்டின் ஓரமாக வழிகிற இடத்தைத்தான் அங்கே வான் என்பார்கள். கணுக்கால் ஆழத்தில் சீமெந்துத் தளத்தின்மேல் தெளிந்த தண்ணீர் ஓடியது. கம்பளத்தை அதில் விரித்ததும் தண்ணீர் சிவப்பாகப் போனது, பிறகு ரோசாவாக. நாங்கள் நாலு பேரும் அதன்மேல் ஏறி மிதித்தோம். ஐயாவின் மனைவி சாறியை முழங்கால்வரை செருகிக்கொண்டு, "எங்கட வீட்டுக் கலியாணத்திலதான் இதில நடக்க விடேல்லை, சமைக்கப் போட்டுட்டினம், இப்ப நல்லா நடக்கிறன்," என்றார். அக்கா சிரித்துச் சிரித்துக் கால் வழுக்கித் தண்ணீருக்குள் இருந்துவிட்டார். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு கையால் தேய்த்தார்.

கரையைத் தூக்கிப் பிழிந்து, வடிகிற தண்ணீரை ஐயா உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்ப்பார். "இன்னும் பேசாலைதான்," என்பார். மறுபடி மிதிப்போம். "இப்ப பாலத்தடி." மறுபடி மிதிப்போம். மத்தியானம் தாண்டி ஒரு தடவை வாயில் வைத்தவர், துப்பாமல் விழுங்கினார். "சரி. இது எங்கட குளம்."

குளக்கட்டுக் கற்களின்மேல் காயப்போட்டோம். அக்கா பின்னேரப் பஸ்ஸில் மகளிடம் போய்விட்டார். நான் காவலுக்கு நின்றேன். மாடு ஏறாமல், பொழுதுபட்டதும் பனி படாமல் தார்ப்பாய் மூடி, வெய்யில் வந்ததும் திறந்து, புரட்டிப் போட்டு. ஐயா வீட்டிலிருந்து சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வரும். கொக்குகள் கம்பளத்தில் வந்து நின்று என்னைப் பார்க்கும். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன், எங்கேயாவது திரும்பப் போ என்று யாராவது சொன்னால் அந்தக் குளக்கட்டைத்தான் சொல்வேன். பொழுதுபடும் நேரம் உள்ளங்கையைக் கம்பளத்தில் வைத்துப் பார்த்தேன். சுட்டது. ஈரம் வரவில்லை. ஐயாவின் போனில் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்.

"பொய் சொல்லாத தம்பி," என்றார்.

"கொக்குத் தலையில அடிச்சுச் சத்தியம் அக்கா."

கலியாணத்தன்று பூசைக்கு வெகு முன்னரே கோவில் வாசலில் விரித்தோம். அலசலில் கொஞ்சம் சுருங்கியிருந்தது. தெருவுக்கு இரண்டு கை விரித்த அளவு முன்னரே முடிந்துவிட்டது. அந்த இடத்தில் மணலை வாரி இழுத்து அழகாக்கினேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு அந்தத்தில் இருந்து மறு அந்தம்வரை மெல்ல நடந்தார். பிறகு வேறொரு வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்து, வாசல்படிக்குக் கிட்ட வைத்து மிதித்தார். எடுத்து விரித்து இரண்டு பக்கமும் பார்த்தார். எனக்குக் காட்டவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார், அதிலேயே எனக்கு விளங்கியது.

பொம்பிளை வந்தாள். வெள்ளைச் சாறி, நீளமான வலைப் போர்வை. அது கம்பளத்தின்மேல் சரசரவென்று இழுபட்டுப் போனது. அக்கா வேலியோரம் நின்று போர்வையின் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பொம்பிளையின் முகத்தை அவர் கண்டிருக்கவே மாட்டார். அது உள்ளே போய் மறையும்வரை வெள்ளையாகவே போனது. சனம் எல்லாம் பொம்பிளையைப் பார்த்தது, போட்டோக்காரரைப் பார்த்தது. காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கறை இருந்திருந்தால் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மாப்பிள்ளையின் பெரியம்மா வந்தார். நான் சுருட்டத் தொடங்கியிருந்தேன்.

"இந்தக் காப்பெட் கொழும்பால எடுப்பிச்சதோ?"

"இல்லையம்மா, என்ரதான்," என்றார் அக்கா.

"திருவிழாவுக்கு உங்களிட்ட இருக்குமே? போன முறை வவுனியாவால எடுத்து, ஒரே பூஞ்சண மணம்."

"இருக்கும்," என்றார் அக்கா. பெரியம்மா தன் பேர்ஸைத் திறந்து போன் நம்பரைக் கேட்டார். அக்கா சொல்லும்போது இரண்டு தடவை பிழையாகச் சொல்லித் திருத்தினார்.

அடுத்த திங்கட்கிழமை அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பட்டினத்துக்குப் போனேன். ஏஜென்ட் கந்தோரில் அவர் அதிக நேரம் நிற்கவில்லை. உள்ளே ஏஜென்டின் சத்தம் கேட்டது. "பிளேன் ரிக்கற் போட இருக்கிற நேரத்தில இப்பிடிச் சொன்னா எப்பிடி அக்கா? நல்ல வீடு, சின்னக் குடும்பம்..." அதற்கு அக்கா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வெளியே வந்தபோது பாஸ்போட் கையில் இருந்தது. கைப்பைக்குள் வைக்காமல் வீடுவரை அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் மகள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா பாஸ்போட்டை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். மகள் அதை எடுத்தாள், விரித்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் மறைத்ததாக நாங்கள் நினைத்திருந்தோம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"திருப்பி வாங்கியிட்டாவோ?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஓம்."

"இதில அம்மான்ர படத்தைப் பாருங்கோ மாமா, பிடிபட்ட கள்ளன் மாதிரி." சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாஸ்போட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு, கிணற்றடிப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா! சோறு ஆறுது. முகம் கழுவினது காணும், கெதியா வாங்கோ!"

அக்கா ஈரமுகத்தோடு வந்து கதிரையில் இருந்தார். அவருக்கு ஒருவரும் கதிரை இழுத்துப் போடவில்லை.